புதுக்குடித்தனத்தில் அவள் பெயர்

மூன்றாம் ஆண்டு, இளங்கலைத் தமிழ்

ஆண்டுதோறும் நம் கல்லூரித் தமிழ் மன்றத்தில் ஒரு பட்டிமன்றம் நடைபெறுகிறது. தலைப்பு பெரும்பாலும் ஒன்றுதான்: மணவாழ்வுக்கு ஏற்றது கூட்டுக் குடும்பமா, தனிக்குடித்தனமா? ஓரணி பாட்டியின் கதைகளையும் தாத்தாவின் அறிவுரைகளையும் எடுத்துரைத்துக் கண்கலங்கச் செய்யும். மற்றோரணி மாமியார் மருமகள் சண்டையைச் சொல்லிச் சிரிக்க வைக்கும். நடுவர் இறுதியில் இரண்டும் வேண்டும் என்பார். நாமும் கைதட்டிவிட்டுப் பேருந்தைப் பிடிக்க ஓடுவோம். நானும் முதலாண்டில் அந்த மேடையில் பேசிப் பரிசு பெற்றிருக்கிறேன். ஆயினும் அந்தத் தலைப்பை இனிக் கைவிட்டுவிடலாம் என்பதே என் கருத்து.

காரணம் எளிது. நம் வகுப்பில் அமர்ந்திருப்போர் பெரும்பாலும் கரிசல் காட்டுப் பிள்ளைகள். மானாவாரி நிலம். மழை பெய்தால் உளுந்தும் பாசியும் பருத்தியும். பெய்யாவிட்டால் வட்டிக் கடன். பட்டம் பெற்ற ஒருவன் ஊரிலேயே இருந்து என்ன செய்வான்? தீப்பெட்டி ஆபீசில் கணக்கு எழுதலாம்; அல்லது கடலை மிட்டாய்க் கடையில் நிற்கலாம். இரண்டும் இழிவான வேலைகள் அல்ல. ஆனால் ஊருக்கு எத்தனை கணக்கர் வேண்டும்? ஆகவே பெட்டி கட்டுகிறான். மாலையில் கோவில்பட்டியில் தூத்துக்குடி–மைசூர் எக்ஸ்பிரஸில் ஏறினால் மறுநாள் காலை பெங்களூரு. மணமான பின் மனைவியும் உடன் போகிறாள். இதில் கூட்டுக் குடும்பமா தனிக்குடித்தனமா என்று தேர்ந்தெடுத்தவர் யார்? வேலை தேர்ந்தெடுத்தது, வீட்டு வாடகை மிச்சத்தை முடிவு செய்தது. போவது உறுதியாகிவிட்ட பிறகு, போகலாமா என்று வாதாடுவதில் பயனில்லை. போகிறவர்கள் எப்படிப் போக வேண்டும், குறிப்பாக அந்தப் பெண் அங்கே எந்த நிலையில் இருக்க வேண்டும் என்பதைத்தான் நாம் பேச வேண்டும்.

தனிக்குடித்தனம் மேனாட்டாரிடமிருந்து வந்த நோய் என்று பேசுவாரும் உளர். தமிழ் படிக்கிறவர்கள் அப்படிச் சொல்லலாகாது. சிலப்பதிகாரத்தில் கண்ணகியையும் கோவலனையும் தனியே வேறு மனையில் குடியமர்த்தியவள் கோவலனைப் பெற்ற தாயே. இல்லறம் நடத்திப் பழகட்டும் என்று மாமியாரே செய்து வைத்த ஏற்பாடு அது. மனையறம்படுத்த காதை என்று அதற்குத் தனியே ஒரு காதையே இருக்கிறது. குறுந்தொகையின் 167ஆம் பாட்டைப் பாடியவர் கூடலூர் கிழார். மகளின் புதுமனைக்குப் போய்ப் பார்த்துவிட்டு வந்த செவிலி நற்றாய்க்குச் சொல்வதாக அமைந்த பாட்டு அது. கட்டித்தயிரைப் பிசைந்த விரலைப் புடவையில் துடைத்துக்கொண்டு, அதை மாற்றக்கூட நேரமின்றி, தாளிப்புப் புகை கண்ணில் ஏற, அவள் தானே துழாவிச் சமைத்த புளிக்குழம்பு. கணவன் நன்றாயிருக்கிறது என்று உண்கிறான். அவள் முகம் மெல்ல மலர்கிறது. அவ்வளவே செய்தி. தாய்க்கு வேறென்ன வேண்டும்!

நற்றிணை 110 இதற்கு மறுபக்கம். போதனார் பாடியது. பொற்கிண்ணத்தில் தேன் கலந்த பாலை ஏந்திக்கொண்டு செவிலியர் பின்னால் ஓடினாலும் குடிக்க மறுத்து ஓடிய செல்வ மகள், இன்று கணவன் வீட்டு வறுமையில் தந்தை வீட்டுச் சோற்றை நினையாமல் ஒருபொழுது விட்டு ஒருபொழுது உண்கிறாள். இவளுக்கு இந்த அறிவு எங்கிருந்து வந்தது என்று தாய் வியக்கிறாள். வகுப்பில் இப்பாட்டை நடத்தும்போது நாம் எல்லோரும் அவள் பெருமையை வியந்தோம். எனக்கு மட்டும் அப்போதும் இப்போதும் ஓர் ஐயம். அவள் பட்டினியை யாரேனும் போய்ப் பார்த்ததால்தானே நமக்குத் தெரிகிறது? போகாமல் இருந்திருந்தால்?

இன்று செவிலிக்குப் பதில் செல்பேசி வந்துவிட்டது. என் அக்காளுக்குத் திருமணமாகி இரண்டாண்டுகள் ஆகின்றன. அத்தான் பெங்களூருவின் தென்கோடியில் எலெக்ட்ரானிக் சிட்டிப் பக்கம் ஒரு நிறுவனத்தில் கணக்குப் பிரிவில் வேலை செய்கிறார். நல்லவர், இக்கட்டுரையை அச்சுக்குக் கொடுக்குமுன் அவருக்குப் படித்துக் காட்டி இசைவு பெற்றேன். அடுக்குமாடிக் குடியிருப்பு ஒன்றில் ஐந்தாவது மாடியில் வீடு. குடிபுகுந்த வாரத்தில் அக்காள் வீடியோவில் வீட்டைச் சுற்றிக் காட்டினாள். பளபளவென்று தரை; சமையற்கட்டில் கதவு போட்ட அலமாரிகள்; பால்கனியிலிருந்து பார்த்தால் கண்ணுக்கெட்டிய வரை கட்டடங்கள். அம்மா தெருவிலிருந்த எல்லோரையும் கூப்பிட்டுக் காட்டினாள். ஆனால் செல்பேசி, காட்டுகிறவள் திருப்புகிற பக்கத்தைத்தான் காட்டும். குழாயில் தண்ணீர் வராமல் டேங்கர் லாரி வந்த நாள்களையும், பகல் முழுதும் பேச ஒருவரும் இன்றி அவள் தொலைக்காட்சிக்கு முன் படுத்திருந்த நாள்களையும் அது காட்டவில்லை. 2024ஆம் ஆண்டுக் கோடையில் பெங்களூருவின் தண்ணீர்ப் பஞ்சம் நாடெங்கும் செய்தியானபோதுதான் அவள் வீட்டில் தண்ணீர் எப்படி என்று கேட்கவே எங்களுக்குத் தோன்றியது.

பால் காய்ச்சும் அன்று நாங்கள் போக முடியவில்லை. பருத்தி எடுக்கும் நேரம். மூன்று மாதம் கழித்து அம்மாவும் நானும் போனோம். கூழ்வடகம், சீனிமிட்டாய், கருப்பட்டி, ஒரு சொளகு (அங்கே சொளகு கிடைக்காதாம்!), இரண்டு மூட்டையாகச் சுமந்துகொண்டு வாயிலில் நின்றோம். காவலுக்கு இருந்த இளைஞன் அசாமிலிருந்து வந்தவன். அவனுக்குத் தெரிந்தது இந்தி. எங்களுக்குத் தெரிந்தது தமிழ். வீட்டு எண்ணைச் சொன்னோம். அவன் தன் கையிலிருந்த செல்பேசியில் எதையோ அழுத்தினான். அழைப்பு ஐந்தாம் மாடிக்குப் போகவில்லை. அத்தானுக்குப் போயிற்று. அவர் அலுவலகத்தில் கூட்டத்தில் இருந்தார், எடுக்கவில்லை. அந்த வீட்டுக்குப் பதிவாகியிருந்த ஒரே எண் அவருடையது. அக்காள் பால்கனியிலிருந்து கையை ஆட்டிக் கூப்பிடுகிறாள். அம்மா கீழிருந்து அண்ணாந்து பார்த்தபடி நிற்கிறாள். காவலனோ விதியை மீற அஞ்சுகிறான். அவன் மீது எனக்குக் கோபமில்லை. அவனும் வயிற்றுப்பாட்டுக்காக அத்தனை தொலைவு வந்தவன்தான். இருபது நிமிடம் கழித்து அத்தான் திரும்ப அழைத்து ‘சரி’ என்ற பிறகே, பெற்ற மகளின் வீட்டுக்குள் தாய் நுழைய முடிந்தது.

அன்றிரவு நான் கேட்டேன்: “ஏன்க்கா, உன் நம்பரைக் கொடுக்கலையா?”

“அக்ரிமெண்டுல யார் பேரு இருக்கோ அவுங்க நம்பரைத்தான் போட்டுக்கிட்டாங்கடி. நானும் அப்புறம் கேக்கல” என்றாள்.

அந்த அக்ரிமெண்டை வாங்கிப் பார்த்தேன். பதினொரு மாதத்திற்கு எழுதப்பட்ட வாடகை ஒப்பந்தம். வீட்டு உரிமையாளர் ஒரு தரப்பு. அத்தான் ஒரு தரப்பு. சாட்சிகள் இருவர், ஒருவர் புரோக்கர், மற்றவர் புரோக்கரின் நண்பர். மின்விசிறி எத்தனை, குழல்விளக்கு எத்தனை, தண்ணீர் சூடாக்கும் கீசர் ஒன்று என்று ஒரு பட்டியலே இருந்தது. என் அக்காளின் பெயர் எந்தப் பக்கத்திலும் இல்லை. புரோக்கரின் நண்பர்க்குக் கிடைத்த இடமும், கீசருக்குக் கிடைத்த இடமும் அந்தத் தாளில் அவளுக்குக் கிடைக்கவில்லை.

வாடகை மாதம் 18,000 ரூபாய். பெங்களூருவில் பத்து மாத வாடகையை அட்வான்ஸாகக் கேட்பது நெடுநாளைய வழக்கம். சென்னையிலும் அப்படித்தான் இருந்தது. பேசிக் குறைத்து ஆறு மாதம் என்று முடிந்தது. 1,08,000 ரூபாய். அதில் பாதி அத்தான் சேமிப்பு. மறுபாதி அக்காளின் இரண்டு ஜோடி வளையல், ஊர்க் கூட்டுறவு வங்கியில் அடகு. நான் இதைக் குறையாகச் சொல்லவில்லை. குடும்பம் என்றால் நகை உதவத்தான் செய்யும். கண்ணகியின் சிலம்பும் மதுரையில் புதுவாழ்வு தொடங்க முதலாகத்தானே புறப்பட்டது! ஆனால் ஒப்பந்தம் முடிந்து அட்வான்ஸ் திரும்பி வரும்போது அந்தப் பணத்துக்கு உரியவர் யார் என்று தாளைப் பார்த்தால் அத்தான் ஒருவரே. வளையலுக்கு அங்கே பேச்சில்லை.

இந்த இடத்தில் சட்டத்தைச் சற்றே பார்க்கலாம். நம்மில் பலர் பிற்காலத்தில் வாடகை வீட்டில்தான் இருக்கப் போகிறோம். ஓராண்டுக்கு மேற்பட்ட குத்தகையைப் பதிவு செய்தாக வேண்டும் என்று 1908ஆம் ஆண்டுப் பதிவுச் சட்டம் சொல்வதால்தான் எங்கும் பதினொரு மாத ஒப்பந்தம் எழுதுகிறார்கள். தமிழ்நாட்டில் 2017ஆம் ஆண்டுச் சட்டம் ஒன்று 2019 பிப்ரவரியில் நடைமுறைக்கு வந்தது. அதன்படி வாடகை ஒப்பந்தம் எழுத்தில் இருக்க வேண்டும். வாடகை அதிகாரியிடம் பதிவு செய்யப்பட வேண்டும். இரு தரப்பும் வேறுவிதமாக உடன்பட்டாலன்றி மூன்று மாத வாடகைக்கு மேல் முன்பணம் வாங்கலாகாது. ஒன்றிய அரசு 2021இல் வெளியிட்ட மாதிரிச் சட்டம் இன்னும் குறைத்து, குடியிருக்கும் வீட்டுக்கு இரண்டு மாதம் என்கிறது. மாதிரி என்பதால் மாநிலங்கள் ஏற்றால்தான் அதற்கு உயிர்.

மனைவிக்கு வீட்டில் உரிமை உண்டா என்றால், உண்டு. குடும்ப வன்முறையிலிருந்து பெண்களைப் பாதுகாக்கும் 2005ஆம் ஆண்டுச் சட்டம், வாடகை ஒப்பந்தம் கணவன் பெயரில் மட்டும் இருந்தாலும் இருவரும் வாழ்ந்த வீடு பகிர்ந்து வாழும் இல்லமே என்றும், அதில் வசிக்க அவளுக்கு உரிமை உண்டு என்றும் கூறுகிறது. அவளை வெளியேற்றக் கூடாது என்று நடுவர் ஆணையிடலாம். வேறு வீடு பார்த்துக் கொடு, அல்லது வாடகையைக் கொடு என்று கணவனுக்குக் கட்டளையிடலாம். நல்ல சட்டம். ஆனால் அது சண்டை வந்த பிறகு நீதிமன்றப் படியேறுகிறவளுக்கு உதவுவது. சண்டையே இல்லாத வீட்டில், செவ்வாய்க்கிழமை மத்தியானம் தாய் வாயிலில் நிற்கும்போது அந்தச் சட்டத்தை யாரிடம் போய்க் காட்டுவது?

எனவே நான் சொல்வது ஒன்றுதான். வெளியூரில் வீடு பிடிக்கும்போது ஒப்பந்தத்தில் கணவன் மனைவி இருவர் பெயரும் இருக்க வேண்டும். இருவரும் கையெழுத்திட வேண்டும்.

இதைச் சொன்னவுடன் வீட்டில் சித்தப்பா கேட்டார்: “ஏம்மா, கட்டின புருசன் மேலயே நம்பிக்கை இல்லையா?” நம் ஆடவர் பலரும் இப்படித்தான் கேட்பார்கள். நம்பிக்கை வேறு, முகவரி வேறு. அத்தான் ஒருநாள் காய்ச்சலில் படுத்துவிட்டால் உரிமையாளரிடம் பேச வேண்டியவள் அக்காள். அவர் வேலை விஷயமாக வெளியூர் போயிருக்கும்போது குழாய் உடைந்தால் சங்கத்தாரிடம் முறையிட வேண்டியவள் அவள். வங்கியில், எரிவாயு அலுவலகத்தில், வேலைக்கு மனுப் போடும் இடத்தில், எங்கும் முதலில் கேட்பது முகவரிச் சான்று. என் அக்காளின் பெயர் அப்பாவின் ரேஷன் கார்டில் நீக்கப்பட்டு வெகுநாளாயிற்று. அத்தான் வீட்டுக் கார்டில் சேர்க்க ஊருக்குப் போக வேண்டும் என்று தள்ளிக்கொண்டே போயிற்று. வாக்காளர் பட்டியலில் அவள் இன்னும் எங்கள் தெருவில்தான் இருந்தாள். இடம் மாறியவர்கள் படிவம் 8 கொடுக்க வேண்டும். அதற்கும் சான்று கேட்பார்கள். பிறந்த வீட்டில் பெயர் போயிற்று, புகுந்த வீட்டில் ஏறவில்லை, குடியிருக்கும் வீட்டில் எழுதப்படவே இல்லை. பி.எஸ்ஸி. கணிதத்தில் முதல் வகுப்பில் தேறிய பெண்ணின் நிலை இது. 2011ஆம் ஆண்டு மக்கள்தொகைக் கணக்கில் இடம்பெயர்ந்தோர் 45 கோடிப் பேர். இடம்பெயர்ந்த பெண்கள் கூறிய காரணங்களில் முதலிடம் திருமணத்துக்கு. அவர்களில் எத்தனை பேருடைய பெயர் எந்தத் தாளில் இருக்கிறது என்று எண்ணிப் பார்க்கத் தோன்றுகிறது.

இன்னொரு மறுப்பும் உண்டு. அது சித்தப்பாவின் கேள்வியைவிட வலுவானது. கையெழுத்துப் போட்டால் வாடகை பாக்கிக்கும் வீட்டுச் சேதத்துக்கும் அவளும் பொறுப்பாவாளே, வருமானம் இல்லாத பெண்ணை அதில் ஏன் மாட்ட வேண்டும் என்பது. உண்மைதான், பொறுப்பாவாள். ஆகட்டுமே! வளையல் கொடுத்த அன்றே அவள் பொறுப்பேற்றுவிட்டாள். நட்டத்தில் பங்கு இருக்கிறது, தாளில் பங்கு இல்லை என்பதைவிட இரண்டிலும் பங்கு இருப்பது மேல். தவிரவும், வாடகை எவ்வளவு, எந்தத் தேதிக்குள் கட்ட வேண்டும், காலி செய்ய எத்தனை மாத முன்னறிவிப்பு என்பதெல்லாம் கையெழுத்துப் போடுகிறவள் படித்தாக வேண்டும். படித்தால் தெரியும். தெரிந்தால் மாதக் கடைசியில் கணவன் முகம் வாடியிருப்பது ஏன் என்று கேளாமலே விளங்கும்.

முன்பும் நம் ஊர்க்காரர்கள் குடும்பத்தோடு தொலைதூரம் போனதில்லையா? இலங்கையின் மலைநாட்டுக்கும் மூணாற்றுக்கும் தேயிலைத் தோட்ட வேலைக்குப் போனார்கள். பம்பாய்த் தாராவிக்குப் போனார்கள். லயத்து வீடு ஓர் அறைதான். கங்காணியின் கடன் கழுத்தை நெரித்தது. அந்த வாழ்வைப் புகழ்வதற்கில்லை. ஆனால் சுவருக்கு அந்தப்பக்கம் இருமினால் இந்தப்பக்கம் கேட்கும். இருமியவர் பெரும்பாலும் சொந்த ஊர்க்காரராயிருப்பார். அங்கே ஒரு பெண்ணை அறிய தாள் வேண்டியதில்லை. அடுக்குமாடியில் எதிர்க்கதவுக்காரர் ஒரியர், பக்கத்து வீட்டார் தெலுங்கர், மேல்வீடு பூட்டிக் கிடக்கிறது. எல்லோரும் நல்லவர்களாகவே இருக்கலாம். யாரும் யாரையும் அறியார். அறிமுகம் இல்லாத இடத்தில்தான் தாள் பேசுகிறது.

கண்ணகியை மறுபடியும் நினைத்துக்கொள்கிறேன். புகாரைவிட்டு மதுரைக்கு வந்த அந்த இளந்தம்பதிக்கு ஆயர் சேரியில் மாதரி புதுமனை ஒன்றைத் தந்தாள். அரிசியும் காய்கனிகளும் பாலும் கொடுத்து, துணைக்குத் தன் மகள் ஐயையையும் விட்டாள். இப்படி ஓர் அண்டைவீட்டுக்காரி இன்று எந்த நகரத்தில் கிடைப்பாள்! அப்படியிருந்தும், கணவன் போன பிறகு பாண்டியன் அவையில் நீ யார் என்ற கேள்விக்குக் கண்ணகிதான் தன் ஊரையும் கணவன் குலத்தையும் தன் பெயரையும் சொல்ல வேண்டியிருந்தது. மாதரி வந்து சொல்ல முடியவில்லை. அடைக்கலமாக வந்தவளைக் காக்கத் தவறினோம் என்று அவள் பின்னர்த் தீயில் வீழ்ந்தாள் என்று காப்பியம் கூறுகிறது.

நம் பக்கத்துக் கல்யாணங்களில் சீர்ப் பட்டியல் வாசிப்பார்கள். கட்டில், பீரோ, மிக்சி, கிரைண்டர், பித்தளை அண்டா, குத்துவிளக்கு. அக்காளுக்குக் கொடுத்த கட்டில் அந்த லிப்டில் ஏறாமல் படிக்கட்டுத் திருப்பத்தில் மாட்டிக்கொண்டு, கடைசியில் ஒரு காலைக் கழற்றி ஏற்றினார்கள். அண்டா பரணில் கிடக்கிறது. அவளுடைய பட்டச் சான்றிதழ்களும் வங்கிப் புத்தகமும் எங்கள் வீட்டுத் தகரப் பெட்டியிலேயே இருந்தன. அவற்றைச் சீரில் சேர்க்க யாருக்கும் தோன்றவில்லை. 2022இல் தொடங்கிய புதுமைப் பெண் திட்டத்தில் மாதம் ஆயிரம் ரூபாய் பெறுவதற்காக என் வகுப்புத் தோழியர் பலர் முதன்முதலாகத் தம் பெயரில் கணக்குத் தொடங்கினார்கள். அந்தப் புத்தகமும் தகரப் பெட்டிக்குத்தான் போகப் போகிறதா?

நம் பேராசிரியர்களுக்கும் ஒரு விண்ணப்பம். நான் முதல்வன் வகுப்பில் கணினியும் நேர்முகத் தேர்வும் கற்றுத் தருகிறீர்கள். மதிப்புக் கல்விப் பாடத்தில் இல்லறத்தின் மாண்பைச் சொல்லித் தருகிறீர்கள். ஒரே ஒரு மணி நேரம், ஒரு வாடகை ஒப்பந்தத்தை வகுப்பில் வைத்து வரிவரியாகப் படித்துக் காட்டுங்கள். மாணவரும் மாணவியரும் சேர்ந்திருக்கும் வகுப்பிலேயே செய்யுங்கள். குறுந்தொகைக்குப் பொழிப்புரை சொல்வதைவிட அது கடினமன்று.

அக்காள் வீட்டு ஒப்பந்தம் பதினொன்றாம் மாதம் புதுப்பிக்கப்பட்டது. அத்தானே உரிமையாளரிடம் கேட்டார். உரிமையாளர் மறுக்கவில்லை, ஆதார் நகல் ஒன்று மட்டும் கேட்டார். தட்டச்சு செய்தவர்தான் “ஒரு பேர் போதும் சார், அதுதான் வழக்கம்” என்று சலித்துக்கொண்டாராம். இரண்டாம் வரியில் அக்காள் பெயர் ஏறியது. ஒவ்வொரு பக்கத்தின் அடியிலும் அவளும் கையெழுத்திட்டாள். வாயிலில் அவள் எண்ணையும் பதிந்துகொண்டார்கள். அந்த ஒப்பந்தத்தின் நகலை வைத்து அருகிலுள்ள வங்கிக் கிளையில் முகவரியை மாற்றியிருக்கிறாள். பக்கத்துப் பள்ளி ஒன்றில் கணக்கு ஆசிரியை வேலைக்கு மனுப் போட்டிருக்கிறாள். இன்னும் பதில் வரவில்லை. வளையல் இன்னும் அடகில்தான் இருக்கிறது.

வருகிற வைகாசியில் என் வகுப்புத் தோழியர் மூவருக்குத் திருமணம். ஒருத்தி ஓசூர், ஒருத்தி திருப்பூர், ஒருத்தி புனே. மூவரிடமும் இதைச் சொல்லியிருக்கிறேன். திருப்பூர்க்காரி சிரித்தாள். ஓசூருக்குப் போகிறவள் மாப்பிள்ளையிடம் செல்பேசியிலேயே கேட்டுவிட்டாள். யோசித்துச் சொல்வதாகச் சொல்லியிருக்கிறாராம். புனேக்குப் போகிறவள் ஒப்பந்தம் மராத்தியில் இருந்தால் என்ன செய்வது என்று கேட்கிறாள். ஆங்கிலத்தில் ஒரு படி கேட்டு வாங்கும்படி சொல்லியிருக்கிறேன்.